1914 பிரான்சு ஊர்ச் சீட்டுகள்: இரண்டையும் ஒரே ஆல்பத்தில் வைக்கலாமா?

நாணயப்பித்தன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பழைய நோட்டு சேகரிக்கத் தொடங்கி முப்பது வருஷம் ஆகிறது. பிரான்சு பக்கம் இப்போதுதான் கை வைத்திருக்கிறேன். மகள் லீல் நகரத்தில் இருக்கிறாள். செப்டம்பர் தொடக்கத்தில் அங்கே ஊர் முழுக்கத் தெருச் சந்தை நடக்கும். தட்டுமுட்டுச் சாமான்களிலிருந்து தாத்தா காலத்துக் கடிதங்கள் வரை நடைபாதையில் பரப்பி வைத்திருப்பார்கள். அங்கே ஒரு பெரியவர் பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்த சீட்டுகளிலிருந்து இரண்டை வாங்கி வந்தேன்.

முதல் சீட்டு லியோன் வர்த்தக சபை வெளியிட்டது, 50 சாந்தீம் (100 சாந்தீம் சேர்ந்தால் 1 பிராங்க்). உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மெல்லிய கோட்டு வேலைப்பாடு, வரிசை எண், சபைத் தலைவர், பொருளாளர் இருவரின் கையெழுத்து. நடு மடிப்பு பிய்ந்து, பின்பக்கம் யாரோ தபால்தலை ஓரத்துப் பசைத் தாளை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

இரண்டாவது, ரூபே, துர்க்குவான் என்ற இரட்டை நகரங்கள் சேர்ந்து வெளியிட்ட 25 சாந்தீம் சீட்டு. பெல்ஜிய எல்லையை ஒட்டிய கம்பளி ஆலை ஊர்கள் அவை. தாள் சாதாரணம், அச்சும் சாதாரணம். நான்காக மடித்து மடித்து, மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் மிளகு அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது. பின்பக்கம் பென்சிலில் ஏதோ கணக்கு.

இரண்டுமே முதல் உலகப் போர்க் காலத்து அவசரப் பணம். பட்டியல்களும் வியாபாரிகளும் இரண்டையும் ஒரே தலைப்பில்தான் போடுகிறார்கள். எனக்கு என்னமோ இவை இரண்டும் வேறு வேறு சாதிப் பொருள் என்று தோன்றுகிறது. ஒரே ஆல்பத்தில் அடுத்தடுத்து வைக்கக் கை வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லாப்பெட்டி

நல்ல இழை சார். வங்கியில் 34 வருஷம் காசாளராக இருந்தவன் என்பதால் சில்லறைத் தட்டுப்பாடு என்றால் எனக்கு உடனே காது நிமிர்ந்துவிடும். முதலில் சில்லறை ஏன் காணாமல் போனது என்று சொல்லிவிடுகிறேன்.

1914 ஆகஸ்ட் 3 அன்று ஜெர்மனி பிரான்சின் மீது போர் அறிவித்தது. 5ஆம் தேதியே ஒரு சட்டம் போட்டார்கள். நாட்டின் மத்திய வங்கியான பிரான்சு வங்கியின் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தங்கம் தர வேண்டிய கட்டாயம் இனி இல்லை. நோட்டை எல்லோரும் வாங்கித்தான் ஆக வேண்டும். நோட்டு வெளியீட்டின் உச்சவரம்பையும் 680 கோடி பிராங்கிலிருந்து 1,200 கோடிக்கு உயர்த்தினார்கள்.

இதைக் கேட்டதும் சனங்கள் என்ன செய்வார்கள்? தங்கத்தை உள்ளே வைத்தார்கள். அடுத்து வெள்ளியை உள்ளே வைத்தார்கள். 1 பிராங்க் வெள்ளிக் காசு 5 கிராம், அதில் 1,000க்கு 835 பங்கு சுத்த வெள்ளி. அடுப்படிப் பானையில் போட்டு வைத்தாலும் கெடாத பொருள். 2 பிராங்க், 1 பிராங்க், 50 சாந்தீம் எல்லாம் சில நாட்களிலேயே தெருவிலிருந்து மறைந்தன. செம்புச் சில்லறைக்கும் தட்டுப்பாடு வந்தது.

பிரான்சு வங்கி கையிருப்பில் வைத்திருந்த 20 பிராங்க், 5 பிராங்க் நோட்டுகளை வெளியே விட்டது. ஆனால் 5 பிராங்க் என்பதே அன்றைக்குப் பெரிய தொகை. போருக்குப் போனவரின் மனைவிக்கு அரசு கொடுத்த உதவித்தொகை நாளுக்கு 1 பிராங்க் 25 சாந்தீம், ஒரு குழந்தைக்கு 50 சாந்தீம். சிப்பாய்க்கு நாள்படி தொடக்கத்தில் வெறும் 5 சாந்தீம், 1915இல்தான் 25 ஆக்கினார்கள். இந்தத் தொகையை எல்லாம் 5 பிராங்க் நோட்டை வைத்துக்கொண்டு எப்படிக் கொடுப்பது? ரொட்டிக் கடைக்காரர் மீதிக்கு எங்கே போவார்?

கல்லாவில் சில்லறை இல்லாவிட்டால் கடையைத் திறந்து வைத்தும் மூடியது போலத்தான். இதைப் பல தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன். பொருளும் இருக்கும், வாங்குபவரும் நிற்பார், இடையில் மீதி கொடுக்க வழி இருக்காது.

மில்ரோடு

கல்லாப்பெட்டி சார் சொன்னதும் சட்டென்று விளங்கிவிட்டது. ஒரு சந்தேகம். ஒரு ஊர்க்காரர்கள் தாங்களே நோட்டு அடித்தால் அரசு சும்மா விடுமா? நாளைக்கு யார் வேண்டுமானாலும் அச்சகத்துக்குப் போய் அடித்துக்கொள்ளலாமே. இதற்கு யார் ஜாமீன்?

நாணயப்பித்தன்

சரியான கேள்வி தம்பி. லியோன் சீட்டின் கதையே அதில்தான் இருக்கிறது.

பிரான்சில் வர்த்தக சபை என்பது நாலு வியாபாரிகள் கூடிப் பலகை மாட்டிய சங்கம் கிடையாது. சட்டத்தின் கீழ் அமைந்த பொது அமைப்பு. துறைமுகம், பாலம் போன்றவற்றைக்கூட நிர்வகிக்கும். அரசு அந்த சபைகளுக்குத்தான் அனுமதி கொடுத்தது. ஒரு முக்கியமான நிபந்தனையும் விதித்தது: எவ்வளவு தொகைக்குச் சீட்டு அடிக்கிறார்களோ, அதே அளவு தொகையைப் பிரான்சு வங்கியில் முடக்கி வைக்க வேண்டும். பெரிய நோட்டு பெட்டிக்குள் தூங்கும், அதன் சின்னத் துண்டுகள் தெருவில் நடமாடும். பிரெஞ்சில் இந்தச் சின்ன மதிப்புச் சீட்டுக்குச் சொல்லும் 'கூப்யூர்' என்ற சொல்லுக்கே வெட்டு, துண்டு என்றுதான் பொருள்.

இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட சபைகள் அடித்தன. பொதுவாக 50 சாந்தீம், 1 பிராங்க், 2 பிராங்க்; சில இடங்களில் 25 சாந்தீமும் அதற்குக் கீழேயும் உண்டு. ஒவ்வொன்றிலும் அந்தந்த ஊர் தன் முகத்தைக் காட்டுகிறது. துறைமுகம் என்றால் கப்பல், ஆலை ஊர் என்றால் பல்சக்கரம், வணிகத்துக்குத் தேவனான மெர்க்குரியின் பாம்பு சுற்றிய கோல், ஊர்ச் சின்னம். போர் நடக்கும்போது, அரை பிராங்க் துண்டுச் சீட்டுக்கு இவ்வளவு அக்கறையாகப் படம் வரைந்திருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

ஒரு குறை இருந்தது. சீட்டு அந்தந்த சபையின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். லியோன் சீட்டை மார்செய் கடையில் நீட்டினால் வாங்க மாட்டார்கள். பக்கத்துப் பக்கத்துச் சபைகள் சில தங்களுக்குள் பேசி ஒன்றின் சீட்டை மற்றது ஏற்றுக்கொண்டன. ஊர் ஊராகப் போகிற ரயில் பயணி, விடுப்பில் வீட்டுக்குப் போகும் சிப்பாய் இவர்கள் பாடுதான் திண்டாட்டம். பை நிறையப் பணம் இருக்கும், இறங்கிய ஊரில் ஒரு காப்பி வாங்க முடியாது.

புதுச்சேரிக்காரன்

வணக்கம். இருபது வருஷமாக லீல் பக்கத்தில் வசிக்கிறேன், வேலை துர்க்குவானில். இரண்டாவது சீட்டைப் பற்றி நான் சொல்லாவிட்டால் சரியாக இருக்காது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லியோன் போர்முனைக்கு வெகு தொலைவில் இருந்த ஊர். ரூபேயும் துர்க்குவானும் போர்முனைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட ஊர்கள். 1914 அக்டோபர் 13 அன்று லீல் ஜெர்மானியர் கைக்குப் போனது. திரும்ப மீண்டது 1918 அக்டோபர் 17. நான்கு வருஷமும் நான்கு நாளும். பிரான்சின் வடக்கிலும் கிழக்கிலும் பத்து மாவட்டங்கள் முழுதாகவோ பாதியாகவோ இப்படிச் சிக்கின. ஆர்தென் மாவட்டம் முழுவதுமே போய்விட்டது.

எதிரிப் படை வருகிறது என்றதும் பிரான்சு வங்கி தன் வடக்குக் கிளைகளின் இருப்பைப் பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பிவிட்டது. வங்கியின் பார்வையில் அது நியாயம்தான். ஆனால் ஊரில் இருந்த சனங்களுக்கு? அரசுக் கருவூலம் கிடையாது, பாரிசிலிருந்து தபால் கிடையாது, போருக்குப் போன கணவனிடமிருந்து ஒரு வரி கடிதம்கூட நேர்வழியில் வராது. ஆலைகள் நின்றுவிட்டன. கம்பளி மூட்டைகளையும் துணியையும் பறித்துக்கொண்டு, பிறகு இயந்திரங்களின் செம்பு பாகங்களையும் கழற்றிப் போனார்கள். கடைசியில் படுக்கை மெத்தைக்குள் இருந்த கம்பளியைக்கூட விடவில்லை. இத்தனைக்கும் மேல் 'போர்த் தண்டம்' என்று ஊர் ஊராகப் பெருந்தொகை கேட்டார்கள்.

வேலையில்லாத ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு நகரசபை ஏதாவது கொடுத்தாக வேண்டும். ஊர்ப் பணியாளருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். கையில் காசு இல்லை. அப்போதுதான் நகரசபைகள் சீட்டு அடித்தன. இதன் பின்னால் எந்த வங்கியிலும் எந்தப் பெட்டியும் தூங்கவில்லை. சமாதானம் வந்த பிறகு தருகிறோம் என்ற வாக்கு மட்டும் இருந்தது. லியோனில் சில்லறைக்காகத் தொடங்கியது. இங்கே சில்லறையும் இதுதான், பெரிய நோட்டும் இதுதான், சம்பளமும் இதுதான். ரூபே துர்க்குவான் சீட்டுகளில் 100 பிராங்க் வரைக்கும் உண்டு.

சாப்பாடும் இதனோடு கட்டுண்டு கிடந்தது. 1915 முதல் பெல்ஜிய நிவாரண ஆணையம் அமெரிக்காவிலிருந்து கோதுமை, பன்றிக் கொழுப்பு, அரிசி, பீன்ஸ் எல்லாம் கொண்டுவந்தது. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஹெர்பர்ட் ஹூவர்தான் அதை நடத்தியவர். வடக்கு பிரான்சில் சுமார் இருபது லட்சம் பேர் அந்த உணவை நம்பி இருந்தார்கள். சனங்கள் தங்கள் பங்கீட்டை வாங்கியது இந்த ஊர்ச் சீட்டைக் கொடுத்துத்தான். நாணயப்பித்தன் சார், உங்கள் 25 சாந்தீம் சீட்டு அப்படி ஒரு வரிசையில் நின்ற கை எதிலாவது இருந்திருக்கும்.

ரூபே நகரத் தலைவர் ழான் லெபா, சோசலிசக் கட்சிக்காரர். 18 வயது நிரம்பிய பையன்களின் பட்டியலை ஜெர்மானியருக்குக் கொடுக்க மறுத்ததற்காக 1915இல் கைது செய்து ஜெர்மனிக்கு, ராஷ்டாட் கோட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். அதே வருஷம் எதிரிப் படைக்கு மணல் மூட்டைப் பை தைக்க மாட்டோம் என்று ரூபே பெண் தொழிலாளர்கள் மறுத்தார்கள். 1916 ஈஸ்டர் சமயத்தில் லீல், ரூபே, துர்க்குவானிலிருந்து ஏறக்குறைய 20,000 பேரை, பெண்கள், இளம்பெண்கள் உட்பட, விடியற்காலையில் வீட்டிலிருந்து இழுத்து வயல் வேலைக்கு ஏற்றிப் போனார்கள். அந்தச் சீட்டு நடமாடியது இந்தத் தெருக்களில்.

அதனால் என் கருத்து, நீங்கள் நினைத்ததுதான் சரி. தனித்தனி ஆல்பம் போடுங்கள்.

மில்ரோடு

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை மில் வேலை. ஆலை நின்றுபோனால் ஒரு ஊர் எப்படி ஆகும் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆலையும் நின்று, எதிரிப் படையும் தெருவில் நின்றால்...

கல்லாப்பெட்டி

புதுச்சேரிக்காரரே, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன், மனசு கனத்துவிட்டது. ஆனாலும் ஒரு இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இழைக்கு நியாயம் செய்ததாக ஆகாது.

லியோன் சீட்டுக்கு வங்கியில் ஈடு இருந்தது, ரூபே சீட்டுக்கு வாக்கு மட்டும்தான் என்கிறீர்கள். சரி, லியோன் சீட்டின் ஈடு என்ன? பிரான்சு வங்கி நோட்டு. அந்த நோட்டுக்கு ஈடு என்ன? ஆகஸ்ட் 5க்குப் பிறகு அதற்குத் தங்கம் தர மாட்டார்கள். நாடு ஜெயித்தால் அதற்கு மதிப்பு, தோற்றால் அதுவும் தாள்தான். அப்படியானால் இரண்டு சீட்டும் ஒரே விஷயத்தைத்தான் நம்பி நின்றன. இடையில் ஒரு படி கூடுதல், அவ்வளவுதான்.

இன்னொன்று, பிரெஞ்சுக்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. 1790 முதல் 1792 வரை, புரட்சிக் காலத்தில், அரசு வெளியிட்ட 'அசிஞா' தாள் பணம் முதலில் 200, 300, 1,000 லீவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) என்று பெரிய மதிப்புகளில் மட்டும் வந்தது. காசை எல்லோரும் பதுக்கினார்கள். அப்போதும் ஊராட்சிகளும் தனியார் நிதி அமைப்புகளும் சின்னச் சின்னச் சீட்டு அடித்தன. அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'நம்பிக்கைச் சீட்டு'. சில இடத்தில் கொடுத்த நம்பிக்கையைக் காப்பாற்றவில்லை. 1792 நவம்பரில் அன்றைய நாடாளுமன்றமான தேசியக் கன்வென்ஷன் அவற்றை நிறுத்தச் சொல்லி ஆணை போட்டது. பிரஷ்யாவோடு நடந்த 1870 போரிலும் ஊர்ச் சீட்டுகள் வந்தன. ஆக, பெரிய பணம் மட்டும் இருந்து சின்னப் பணம் மறைந்தால், ஊர் தானே தன் சின்னப் பணத்தைச் செய்துகொள்ளும். ரூபேயும் லியோனும் அந்த ஒரே மரத்தின் இரண்டு கிளைகள். நான் ஒரே ஆல்பத்தில்தான் வைப்பேன்.

புதுச்சேரிக்காரன்

சார், நீங்கள் சொன்ன 'இடையில் ஒரு படி' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

லியோன் கடைக்காரர் நாள் முடிவில் பத்து அரை பிராங்க் சீட்டைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போனால், 5 பிராங்க் நோட்டாக மாற்றிக்கொள்ள அவருக்கு ஒரு சன்னல் திறந்திருந்தது. வேண்டாம் என்றால் வெளியே வரலாம். ரூபே கடைக்காரருக்கு எந்தச் சன்னலும் இல்லை. நடுவில் போர்முனை. ஒருவேளை ஜெர்மனி ஜெயித்திருந்தால் அவர் மேசை இழுப்பறையில் இருந்த சீட்டுக்கட்டை யார் மாற்றித் தந்திருப்பார்கள்? நான்கு வருஷம் ஒவ்வொரு நாளும் கடையைத் திறந்து, அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு உருளைக்கிழங்கு நிறுத்துக் கொடுத்திருக்கிறார் அந்த மனிதர்.

கல்லாப்பெட்டி

வேறு என்ன செய்திருப்பார்? அதை வாங்காவிட்டால் வாங்க வேறு பணமே கிடையாதே. அதை நம்பிக்கை என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. வழியில்லாமை என்றுதான் சொல்வேன். குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். வழியில்லாமல் இருந்தும் ஊரை நடத்திக்கொண்டு போனது பெரிய காரியம்.

யாழ்வாணி

அண்ணாமாரின் வாதத்துக்கு நடுவில ஒரு சின்ன விஷயம். அந்த வழியில்லாமையிலும் பக்கத்து ஊருக்குப் போறவை என்ன செய்தவை? ஒவ்வொரு ஊரும் தன் சீட்டை அடிச்சால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர் அதை வாங்குமா?

எங்கட நாட்டிலயும் ஒரு விசித்திரமான அவசர நோட்டு இருந்தது. 1942இல், இரண்டாம் போரில், காசுக்கு உலோகம் இல்லாமல் இலங்கை அரசு 5 சத நோட்டு ஒன்றை விட்டது. நடுவில தபால்தலை மாதிரி துளைக்கோடு. கிழிச்சால் ஒரு பக்கம் 2 சதம், மறு பக்கம் 3 சதம். தாத்தாவின் பெட்டியில இருந்து கிழிபடாத முழு நோட்டு ஒன்று என்னிடம் இருக்கு. பிறகு படம் போடுறன்.

நாணயப்பித்தன்

வாணி அக்கா, கிழிபடாத 5 சத நோட்டைப் பத்திரமாக வையுங்கள், தனி இழையே போடலாம்.

உங்கள் கேள்வி மிகச் சரியானது. தொடக்கத்தில் அந்தச் சங்கடம் கடுமையாகவே இருந்திருக்கிறது. சில நூறு பேர் வாழும் குக்கிராமம்கூடச் சீட்டு அடித்தது. சில கிராமங்களில் அட்டைத் துண்டில் நகரசபை முத்திரை குத்தி, எண்ணைக் கையால் எழுதியிருக்கிறார்கள். பத்து மைல் தாண்டினால் அதற்கு மதிப்பில்லை. 1915 முதல் பல ஊராட்சிகள் கூட்டாகச் சேர்ந்து 'வட்டாரச் சீட்டு' என்று வெளியிடத் தொடங்கின. எய்ன், ஆர்தென், மார்ன் ஆகிய மூன்று மாவட்டங்களின் பெயரும் ஒன்றாகப் போட்ட சீட்டுகளை நானே பார்த்திருக்கிறேன். கடனை எல்லா ஊரும் சேர்ந்து பொறுப்பேற்றுக்கொள்வதால், ஒரு ஊர் சீட்டை இன்னொரு ஊர் மறுக்க வேண்டியதில்லை.

மில்ரோடு

இன்னொரு கேள்வி. போர் 1918 நவம்பரில் முடிந்துவிட்டது. அப்புறமும் வர்த்தக சபைச் சீட்டுகளில் 1920, 1921 என்று தேதி போட்டது இணையத்தில் விற்பனைக்கு வருகிறதே? போர் முடிந்தபின் எதற்கு அவசரப் பணம்?

கல்லாப்பெட்டி

இதற்கு நான் பதில் சொல்கிறேன், எனக்குப் பிடித்த இடம்.

போர் முடிந்ததும் வெள்ளி வெளியே வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது தலைகீழ். 1919இல் உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறிக்கொண்டே போய், 1920 தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்டது. அதே நேரம் பிராங்கின் மதிப்பு சரிந்தது. 1 பிராங்க் வெள்ளிக் காசை உருக்கினால் கிடைக்கும் வெள்ளி 1 பிராங்கைவிட அதிக விலை போயிற்று. அப்படி இருக்க யார் அந்தக் காசைக் கொடுத்து ரொட்டி வாங்குவார்கள்? பக்கத்து சுவிட்சர்லாந்திலும் அதே வெள்ளிக் காசு செல்லும் என்று ஒப்பந்தம் இருந்ததால் ஏராளமான காசு எல்லை தாண்டிப் போய்விட்டது. அதனால் பாரிஸ் வர்த்தக சபையே 1920இல்தான் தன் சீட்டை அடித்தது.

நம் பக்கத்துக்கும் இந்த வெள்ளிக் கதைக்கும் நேர்த் தொடர்பு உண்டு. அதே போர், அதே வெள்ளித் தட்டுப்பாடு காரணமாகத்தான் இந்தியாவில் 1917 நவம்பர் 30 அன்று முதல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. 1918 ஜனவரியில் இரண்டரை ரூபாய் நோட்டு. ரூபாய் என்றாலே வெள்ளி என்று பழகிய சனங்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களை உருக்கி இந்தியாவுக்கு வெள்ளி கொடுக்க 1918இல் தனிச் சட்டமே போட்டது.

நாணயப்பித்தன்

அந்த 1920 சமயத்தில்தான் இன்னொரு அருமையான பொருள் வந்தது. தபால்தலைக் காசு. என்னிடம் ஒன்று இருக்கிறது, இப்போது கையில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். அலுமினிய வில்லை. ஒரு பக்கம் மெல்லிய அபிரக (மைக்கா) தகடு. அதன் அடியில் விதை தூவிக்கொண்டு நடக்கும் பெண் படம் போட்ட சிவப்பு 10 சாந்தீம் தபால்தலை. மறுபக்கம் ஒரு வங்கியின் விளம்பரம் புடைப்பாக. ஒட்டாமல், அழுக்காகாமல், கிழியாமல் தபால்தலையையே சில்லறையாகக் கொடுக்கலாம். செய்த செலவை விளம்பரம் பார்த்துக்கொள்ளும். எத்வார் புஷோ-பிராசேக் என்பவரின் யோசனை. ஓரத்தில் 'எஃப் ஒய் பி' என்று மூன்று எழுத்து இருக்கும். 'இது தோன்றியிருக்க வேண்டுமே' என்பதன் சுருக்கம் அது. அந்த மனிதரின் சந்தோஷம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

ஆனால் தாள் சீட்டை ஒழித்தது இது இல்லை. 1920 முதல் வர்த்தக சபைகளின் பெயரில் உலோகக் காசு வந்தது. அலுமினிய வெண்கலம், தங்க நிறம். உட்கார்ந்த மெர்க்குரி, வரைந்தவர் தொமார். பின்னால் 'பிரான்சு வர்த்தக சபைகள்', '1 பிராங்க் பெறத் தக்கது' என்று இருக்கும். காசாகவும் இல்லாமல் சீட்டாகவும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் ஒன்று. 50 சாந்தீம் 2 கிராம், 1 பிராங்க் 4 கிராம், 2 பிராங்க் 8 கிராம். அது பரவியதும் அழுக்கும் பசையும் ஏறிய தாள்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

யாழ்வாணி

ரூபே சீட்டுக்கு என்ன நடந்தது என்று யாரும் சொல்லேல்லையே. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினவையோ?

புதுச்சேரிக்காரன்

காப்பாற்றினார்கள் அக்கா. விடுதலைக்குப் பிறகு வடக்கு ஊர்களின் சீட்டுகள் பிராங்க் நோட்டாக மாற்றித் தரப்பட்டன. அந்தச் சுமை ஊர்களின் தலையில் மட்டும் விழாமல் நாடு ஏற்றுக்கொண்டது. மாற்றிய சீட்டுகளில் 'ரத்து' என்று முத்திரை குத்தினார்கள், அல்லது எழுத்து வடிவில் துளையிட்டார்கள். இன்று கிடைப்பவற்றில் பல அப்படிப்பட்டவை.

முத்திரையும் துளையும் இல்லாமல் ஒரு சீட்டு இன்று நம் கைக்கு வருகிறது என்றால், யாரோ அதை மாற்றவில்லை என்று அர்த்தம். மறந்திருக்கலாம், தொலைத்திருக்கலாம். மாற்ற வேண்டியவர் திரும்பி வராமல் போயிருக்கலாம். நாணயப்பித்தன் சார், உங்கள் 25 சாந்தீமில் முத்திரை இருக்கிறதா?

கல்லாப்பெட்டி

அவர் பார்த்துச் சொல்வதற்குள் பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். கடையில் விற்கும் மலிவான பிவிசி உறையிலும் வைக்காதீர்கள். நம்மூர் வெயிலில் அது வியர்த்து, மை ஒட்டிக்கொண்டுவிடும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள், மைலார் என்று கேட்டால் கொடுப்பார்கள். பின்னால் ஒட்டிய பழைய பசைத் தாளைப் பிரிக்க வேண்டாம். இஸ்திரி போடவே வேண்டாம். ஒரு தடவை போட்டு ஒரு நல்ல நோட்டைக் கெடுத்தவன் சொல்கிறேன்.

நாணயப்பித்தன்

பூதக்கண்ணாடி வைத்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன். முத்திரை இல்லை. துளையும் இல்லை, மடிப்பு ஓட்டை மட்டும்தான்.

பின்பக்கத்துப் பென்சில் கணக்கையும் இப்போதுதான் சாய்ந்த வெளிச்சத்தில் வைத்துப் படித்தேன். நான்கு வரிகள். முதல் மூன்றுக்கும் எதிரே சின்னத் தொகைகள்: 0.40, 0.25, 0.15. நான்காவதாகக் கூட்டி 0.80 என்று போட்டு, அதன் அடியில் இரண்டு கோடு. என்ன பொருள் என்று எழுதவில்லை. ஏழின் நடுவே கோடு போடுவது போல, ஐந்தின் வாலை நீட்டி இழுத்திருக்கிறார் எழுதியவர். பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்த கை.

கல்லாப்பெட்டி சார், உங்கள் வாதம் எனக்குப் புரிகிறது, பாதிக்கு மேல் ஒப்புக்கொள்ளவும் செய்கிறேன். லியோன் சீட்டை என் பிரான்சு ஆல்பத்தில், தொமார் காசுக்கும் தபால்தலைக் காசுக்கும் முன்னால் வைத்துவிட்டேன். ரூபே சீட்டைத் தனி உறையில் போட்டு, கணக்கு இருக்கும் பக்கம் மேலே தெரியும்படி வைத்திருக்கிறேன். புதுச்சேரிக்காரரே, அடுத்த செப்டம்பரில் மகள் வீட்டுக்கு வரும்போது அதை எடுத்து வருகிறேன். ரூபேயில் அந்தக் காலத்துக் கடை வரிசை எந்தத் தெருவில் இருந்தது என்று தெரிந்தால் சொல்லுங்கள், ஒரு தடவை சேர்ந்து நடந்து பார்ப்போம்.

புதுச்சேரிக்காரன்

வாருங்கள் சார், காத்திருக்கிறேன். நகரசபைக்கு எதிரே சதுக்கத்திலிருந்து தொடங்கலாம்.